எடைக் குறைப்பு மருந்துகள்

ஸ்தூல சரீரத்தால் விளையும் பிணிகளைத் தணிக்கும் பொருட்டு, வைத்தியரின் சீட்டின் பேரில் வழங்கப்படும் ஔஷதங்கள். உடல் நிறைக் குறியெண் 30-ஐ எட்டியோர்க்கும், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு முதலிய உபாதைகளுடன் 27-ஐ எட்டியோர்க்கும் இவை உரியன என்பது அமெரிக்க விதி.

1999-இல் அங்கு அங்கீகாரம் பெற்ற ஆர்லிஸ்டாட், கொழுப்பைச் செரிக்கும் நொதியைக் குடலிலேயே தடுத்து, உண்ட கொழுப்பில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கைக் கழிவோடு வெளியேற்றுவது; எனினும் பலன் சொற்பமே. பசியடக்கும் குடல் இயக்குநீர்களைப் போன்று செயலாற்றும் செமாக்ளுடைடும் டிர்செபடைடும், வாரம் ஒருமுறை தோலடியில் ஊசி வழியே செலுத்தப்படுபவை. இவ்விரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2025-இல் வெளியான ஆய்வில், 72 வாரங்களில் முன்னது சராசரியாக 13.7 சதவீதமும் பின்னது 20.2 சதவீதமும் எடையைக் குறைத்தன.

எனினும், குறையும் எடையொன்றையே பிரமாணமாகக் கொண்டு மருந்தைத் தெரிந்தெடுத்தல் விவேகமன்று. ஏனெனில், இருதய நோயுற்றோர்க்கு மாரடைப்பின் அபாயத்தைக் குறைப்பதாக நிரூபணமான செமாக்ளுடைடே மேலானதாகலாம். மெடுல்லரி வகைத் தைராய்டுப் புற்றுநோய் தமக்கோ குடும்பத்தார்க்கோ கண்டிருப்பின் செமாக்ளுடைடு, டிர்செபடைடு இரண்டுமே விலக்கு. வலிப்புடையோர்க்கு மற்றோர் எடைக் குறைப்பு மருந்தான நால்ட்ரெக்சோன்–புப்ரோபியான் கூட்டு ஆகாது. கர்ப்பிணிகட்கோ இவற்றுள் எதுவுமே தகாது. எடை குறைக்கப் பல்லாயிரவர் நம்பி உண்ட ஃபென்ஃப்ளூரமைன் என்னும் மருந்து, இருதய வால்வுகளைக் கெடுத்தமையால் 1997-இல் சந்தையினின்று நீக்கப்பட்ட துயரம், வைத்தியரின் இடைவிடாக் கண்காணிப்பு ஏன் அவசியம் என்பதைக் காட்டும்.

மருந்தை நிறுத்தியபின் இழந்த எடையில் பெரும்பகுதி மீளுவது வழக்கமாதலின், நெடுங்காலம் தாங்கத்தக்க விலையையும் தொடக்கத்திலேயே கணக்கிற்கொள்ளல் வேண்டும்.