வெயிலில் ஒரு கீற்று

பெரிய மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவில் ஆள் உயரத்துக்கு ஒரு கூண்டு இருக்கும். உட்புறம் சுற்றிலும் நெட்டுவாக்கில் ட்யூப் லைட்டுகள். ஆடை களைந்து, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, நோயாளி அதன் நடுவே நிற்பார். நீலம் பாய்ந்த ஒளி கொஞ்ச நேரம் எரிந்து அணையும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, மாதக்கணக்கில் இப்படி வந்து நின்றுவிட்டுப் போனால் சொரியாசிஸ் செதில்கள் உதிர்ந்து தோல் சமனாகும். வெண்புள்ளி உள்ளவருக்கு, வெளுத்த இடத்தில் மெல்ல நிறம் ஊறி வரும். அந்தக் குழாய்கள் தருவது 311 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய மிகக் குறுகிய புற ஊதாப் பட்டை. தரையை எட்டும் வெயிலிலேயே அதுவும் கலந்திருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் விலக்கிவிட்டு இந்த ஒரு கீற்றை மட்டும் எடுத்தால் போதும் என்பது தெரியவர, மருத்துவத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிடித்தன.

கதை ஒரு விதையில் தொடங்குகிறது. எகிப்தில் நைல் ஆற்றை ஒட்டி அம்மி மஜுஸ் என்றொரு செடி களையாக முளைக்கும். கொத்தமல்லி, சீரகம் இவற்றின் குடும்பம். பூவும் அப்படியே வெள்ளைக் குடையாக விரியும். மாலகாவில் பிறந்து 1248இல் டமாஸ்கஸில் இறந்த தாவர மருத்துவர் இப்னு அல்-பைத்தார் இதைப் பற்றித் தம் மருந்து நூலில் எழுதிவைத்தார். வட ஆப்பிரிக்காவில் பெர்பர் மக்களின் ஒரு குழு இந்த விதையை வெண்புள்ளிக்குக் கொடுத்துவந்தது. விதை எது என்பதை வெளியே சொல்லாமல் காத்துவந்தது. விதையை உட்கொண்டவர், வெண்மை படர்ந்த இடத்தில் படும்படி வெயிலில் உட்கார வேண்டும். வெயில் பட்ட இடம் சிவந்து கொப்புளிக்கும். ஆறும்போது நிறம் வரும்.

நம் நாட்டில் இதே வேலைக்குக் கார்போகரிசி. வடமொழியில் பாகுசி. சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் தோல் நோய்களுக்கு நெடுங்காலமாக வழங்கிவரும் விதை. இது அவரைக் குடும்பத்துச் செடி. அம்மி மஜுஸுக்கும் இதற்கும் தாவர உறவு எதுவும் கிடையாது. ஆனாலும் இரண்டு விதைகளிலும் ஒரே இனத்து வேதிப்பொருள்கள்தான் இருந்தன. கார்போகரிசியிலிருந்து அவற்றில் ஒன்றைப் பிரித்தெடுத்து 1933இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர்கள் ஜோயிஸ், மஞ்சுநாத் முதலான இந்திய வேதியியலாளர்கள். செடியின் தாவரவியல் பெயரான சொராலியாவை ஒட்டி அந்தப் பொருளுக்கு சொராலென் என்று பெயர் வந்தது. ஒருவரையொருவர் அறியாத இரு மருத்துவ மரபுகள், இரண்டு வேறு செடிகளின் வழியாக ஒரே இனத்துப் பொருளைத் தொட்டிருக்கின்றன என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

மருந்து தெரியும், வெயிலும் வேண்டும் என்று தெரியும். தெரியாதது அளவு. ஒரு பிடி விதையில் எவ்வளவு சொராலென் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்றைய வெயில் நாளைக்கு இருக்காது. காலை வெயில் வேறு, உச்சி வெயில் வேறு. ஆகவே குணமானவர்களும் இருந்தார்கள், தோல் வெந்தவர்களும் இருந்தார்கள். இதற்குப் பின் நடந்ததெல்லாம், என் பார்வையில், அந்த அளவைத் தேடிய கதைதான்.

முதல் படி கெய்ரோவில். 1940களில் இப்ராஹிம் ஃபஹ்மியும் அவருடைய குழுவினரும் அம்மி மஜுஸ் விதையிலிருந்து படிகங்களைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றில் முக்கியமான ஒன்றுக்கு அம்மாய்டின் என்று பெயரிட்டார்கள். மெதாக்ஸலென் என்று மருந்துக் கடைக்கு வந்தது இதே பொருள்தான். கெய்ரோ பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் அப்தெல் மோனெம் எல் மோஃப்டி அதை வெண்புள்ளி நோயாளிகளுக்குக் கொடுத்து, வெயிலிலும் புற ஊதா விளக்கிலும் நிறுத்திப் பார்த்து, 1948இல் முடிவுகளை வெளியிட்டார். ஒளி சிகிச்சையின் வரலாறு என்றாலே டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சனைத்தான் சொல்வார்கள். தோலில் வரும் காசநோயைக் கார்பன் வில் விளக்கால் குணப்படுத்தியதற்காக 1903இல் நோபெல் பரிசு பெற்றவர். அந்தப் பெருமை அவருக்கு உரியதே. ஆனால் வெண்புள்ளிக்கும் சொரியாசிஸுக்கும் வந்த சிகிச்சையின் தாய்வீடு கெய்ரோ. எல் மோஃப்டியின் பெயர் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும்.

மாத்திரை அமெரிக்காவுக்குப் போனது. ஏரன் லெர்னரும் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக்கும் அதை ஆராய்ந்து 1953இல் எழுதினார்கள். 1959இல் அந்த மாத்திரை யாரும் எதிர்பாராத ஒரு வேலைக்குப் பயன்பட்டது. டெக்சஸைச் சேர்ந்த வெள்ளை எழுத்தாளர் ஜான் ஹோவர்ட் கிரிஃபின், அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பராக வாழ்வது எப்படியிருக்கும் என்று தாமே அனுபவித்தறிய முடிவு செய்தார். நியூ ஆர்லியன்ஸில் ஒரு தோல் மருத்துவரின் மேற்பார்வையில் மெதாக்ஸலென் விழுங்கி, விளக்கொளியில் படுத்து, தோலைக் கருக்கவைத்துக்கொண்டு பயணம் போனார். 1961இல் அது நூலாக வந்தது.

சொரியாசிஸ் அதுவரை வேறு பாதையில் வந்துகொண்டிருந்தது. 1925இல் மேயோ கிளினிக்கின் வில்லியம் கோக்கர்மன், உடம்பில் நிலக்கரித் தார் பூசிப் புற ஊதா விளக்கில் காட்டும் முறையைக் கொண்டுவந்தார். பலன் இருந்தது. ஆனால் அந்தப் பிசுபிசுப்போடும் நாற்றத்தோடும் வாரக்கணக்கில் மருத்துவமனையில் கிடக்க வேண்டும். வேறு கதியில்லாத நோயாளிகள் அதையும் பொறுத்துக்கொண்டார்கள்.

இரண்டு பாதைகளும் 1974இல் பாஸ்டனில் சந்தித்தன. ஜான் பாரிஷ், ஃபிட்ஸ்பேட்ரிக், டானன்பாம், இந்தியாவில் பிறந்த மது பதக் ஆகிய நால்வரும், மெதாக்ஸலென் மாத்திரை கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் புற ஊதா ஏ கதிரில் நிறுத்தினால் சொரியாசிஸ் அடங்குகிறது என்று காட்டினார்கள். 'புவா' என்று மருத்துவர்கள் அழைப்பது இதைத்தான். சொராலென் தோல் அணுக்களுக்குள் போய் டி.என்.ஏ. ஏணியின் படிகளுக்கிடையே ஒட்டிக்கொள்ளும். இருட்டில் சும்மா கிடக்கும். 320 முதல் 400 நானோமீட்டர் வரையிலான இந்தப் புற ஊதா ஏ கதிர் பட்டதும் இரண்டு இழைகளையும் சேர்த்துத் தைத்துவிடும். தைத்த இழை பிரியாது. பிரியாவிட்டால் அணு பெருகாது. சொரியாசிஸில் தோல் அணுக்கள் தறிகெட்ட வேகத்தில் பெருகுவதுதான் தொல்லை என்பதால், இந்தத் தையல் அங்கே மருந்தாகிறது. 1977இல் வெளியான கூட்டாய்வில் 1,308 பேருக்கு இந்தச் சிகிச்சை தரப்பட்டது. பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குத் தோல் தெளிந்தது. தாருக்குள் ஊறிக் கிடந்தவர்கள் அந்தச் செய்தியை எப்படிக் கேட்டிருப்பார்கள்!

நம் நாட்டில் விளக்கில்லாத ஊர்களுக்கு இதன் எளிய வடிவம் போனது. மாத்திரை போட்டுக்கொண்டு, மருத்துவர் சொன்ன நேரத்துக்கு மட்டும் வெயிலில் நிற்பது. பெர்பர் மக்கள் செய்ததுதான், மில்லிகிராம் கணக்கோடு.

விலையும் இருந்தது. மாத்திரை குமட்டும். விழுங்கியபின் அன்று முழுவதும் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி வேண்டும். டி.என்.ஏ.வில் போட்ட தையலை அணு எல்லா இடத்திலும் பழுதில்லாமல் சீர்செய்துவிடுவதில்லை. ராபர்ட் ஸ்டெர்ன் தலைமையிலான குழு, புவா பெற்ற 1,300-க்கும் மேற்பட்டோரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. தோல் புற்றுநோய் கூடுகிறது என்று 1979இலேயே எச்சரித்தது. 1997இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வகையும் கூடுவதாக எழுதியது. தங்கள் காலத்தின் வெற்றியையே இப்படி இருபது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் கண்காணித்த அந்தப் பொறுப்புணர்ச்சியை நான் மதிக்கிறேன்.

மாத்திரையே இல்லாமல் ஒளியால் மட்டும் முடியுமா? இந்தக் கேள்வியைத்தான் பாரிஷும் குர்ட் யேனிக்கியும் 1981இல் எடுத்துக்கொண்டார்கள். ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து, சொரியாசிஸ் திட்டுகளில் சிறு சிறு இடங்களில் தனித்தனியாகப் பாய்ச்சினார்கள். 254, 280, 290 நானோமீட்டர் கதிர்கள் தோலைச் சிவக்கவைத்தன, நோயை அசைக்கவில்லை. அளவைப் பலமடங்கு கூட்டியும் பயனில்லை. 296-க்கு மேலே போனதும் திட்டுகள் தெளியத் தொடங்கின. 304, 313 ஆகிய இடங்களிலோ தோல் சிவக்கும் முன்பே நோய் தணிந்தது. சுடும் ஒளியும் குணமாக்கும் ஒளியும் வேறு வேறு என்பது அவர்கள் வரைந்த வரைபடத்தில் தெளிவாகத் தெரிந்தது. அதுவரை சுட்டால்தான் ஆறும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. கொப்புளத்தைச் சிகிச்சையின் பகுதியாகவே ஏற்றுக்கொண்டு எத்தனை தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன! அவர்கள் பட்ட காயத்தில் பெரும்பகுதி தேவையற்றது என்று அந்த வரைபடம் சொல்லியது. இந்தக் கதையில் என் மனம் அதிகம் நிற்கும் இடம் இதுவே.

வரைபடம் சொன்னதைக் குழாயாக வடித்தது நெதர்லாந்தின் ஃபிலிப்ஸ் நிறுவனம். கடோலினியம் என்ற தனிமத்துக்கு ஒரு குணம்: தூண்டினால் 311-ஐ ஒட்டிய இடத்தில் கூர்மையாக ஒளிரும், அக்கம்பக்கத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. அதைக் குழாயின் உட்பூச்சில் சேர்த்தார்கள். டிஎல்-01 பிறந்தது. 1988இல் யூட்ரெக்டில் வான் வீல்டன் குழுவும், ஸ்காட்லாந்தின் டண்டீயில் கிரீன், ஃபெர்குசன், லட்சுமிபதி, ஜான்சன் ஆகியோரும் இதைச் சொரியாசிஸ் நோயாளிகளிடம் சோதித்து எழுதினார்கள். பழைய அகலப்பட்டை விளக்கைவிடப் பலன் கூடுதல், எரிச்சல் குறைவு. மாத்திரை கிடையாது என்பதால் குமட்டலும் கிடையாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும்கூடக் கொடுக்க முடிந்தது.

வெண்புள்ளிக்கு இந்தக் குழாய் வர இன்னும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. 1997இல் ஆம்ஸ்டர்டாமில் வெஸ்டர்ஹாஃபும் நியூவெபூர்-குரோபோட்டோவாவும் சொராலென் பூசிப் புற ஊதா ஏ தருவதோடு இதை ஒப்பிட்டார்கள். நான்கு மாதங்களில் பழைய முறையில் 46 சதவீதத்தினருக்கும், 311இல் 67 சதவீதத்தினருக்கும் நிறம் வந்திருந்தது.

நிறம் வரும் விதத்தைப் பார்த்தால் இந்த நோயாளிகளுக்கு ஏன் அவ்வளவு பொறுமை வேண்டியிருக்கிறது என்பது புரியும். வெண்புள்ளியில், உடலின் எதிர்ப்பணுக்களே நிறம் தரும் அணுக்களைத் தாக்கி அழித்துவிடுகின்றன. 311 ஒளி அந்தத் தாக்குதலை மட்டுப்படுத்துகிறது. ஆனால் மேல்தோலில் நிறம் தருவதற்கு யாரும் மிச்சமில்லை. மயிர்க்கால்களின் ஆழத்தில் மட்டும் இருப்பு அணுக்கள் உறங்கிக்கொண்டிருக்கும். அவை விழித்துப் பெருகி, மயிர்க்கால் வழியே ஏறி வர வேண்டும். ஆகவே முதலில் வெள்ளைத் திட்டுக்குள் சிறு சிறு பழுப்புப் புள்ளிகளே தெரியும். பிறகுதான் அவை விரிந்து ஒன்றோடொன்று சேரும். முகமும் கழுத்தும் நன்றாகத் தேறும். ரோமம் இல்லாத விரல் நுனியும் உதடும், ரோமமே நரைத்துப்போன திட்டும் லேசில் இசையாது. இதைச் சிகிச்சையின் முதல் நாளே நோயாளியிடம் சொல்லிவிடுவது மருத்துவரின் கடமை. சொல்லாவிட்டால், மூன்றாவது மாதம் விரல் நுனியைப் பார்த்து மனமுடைந்து, தேறிக்கொண்டிருக்கும் முகத்தையும் கைவிட்டு நின்றுவிடுவார்கள்.

வருவதே பெரும்பாடு என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று அரைநாள் கூலி போகும். பேருந்துக் கட்டணம் தனி. விளக்குக்குமுன் நிற்பது சில நிமிடம், அதற்கான அலைச்சல் பல மணி நேரம். நெதர்லாந்தில் 196 சொரியாசிஸ் நோயாளிகளில் பாதிப்பேருக்கு வீட்டிலேயே விளக்கு கொடுத்து, மீதிப்பேரை மருத்துவமனைக்கு வரச்சொல்லி ஒப்பிட்ட ஆய்வு 2009இல் வெளியானது. குணத்தில் வேறுபாடில்லை, வீட்டில் நின்றவர்களுக்குச் சிரமம் குறைவு. பிரிட்டனில் 517 வெண்புள்ளி நோயாளிகளிடம் கையடக்க விளக்கை வைத்து நடந்த ஆய்வு 2021இல் வந்தது. ஸ்டீராய்டு களிம்போடு விளக்கும் சேர்ந்தபோது, களிம்பு மட்டும் பூசியவர்களைவிடக் கூடுதலானோர் தேறினார்கள். கையில் பிடிக்கும் அளவிலான அந்த விளக்குகள் இப்போது இந்தியாவிலும் விற்கின்றன. தொடக்க அளவையும் வாராவாரம் எத்தனை நொடி கூட்டுவது என்பதையும் மட்டும் தோல் மருத்துவரே குறித்துத்தர வேண்டும்.