நாய்கள் கடித்துக் குதறும் பழக்கம்

செருப்பு, தலையணை, மேசைக்கால், கதவுநிலை, சார்ஜர் ஒயர் என்று வாய்க்கு எட்டும் வீட்டுப் பொருள்களை வளர்ப்பு நாய் கடித்துச் சேதப்படுத்துவதைக் கடித்துக் குதறல் என்கிறோம். மெல்லுவது நாய்க்கு இயல்பான வேலை. அதை அடியோடு நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. எதை மெல்லலாம் என்று பழக்க மட்டுமே முடியும். பல் முளைக்கும் குட்டி, பொழுது போகாத இளநாய், தனிமைக்கு அஞ்சும் வளர்ந்த நாய் ஆகிய மூன்றும் ஒரே செருப்பைக் கடிக்கக்கூடும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. கடிபட்ட இடத்தையும் நேரத்தையும் கவனித்தாலே காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

பல் முளைக்கும் பருவம்

குட்டிக்கு மூன்றாவது வாரத்தில் பல் முளைக்கத் தொடங்கி, இரண்டு மாதம் ஆவதற்குள் 28 பால்பற்களும் வந்துவிடும். மூன்று, நான்கு மாதத்தில் அவை விழ ஆரம்பிக்கும். ஏழு மாத அளவில் 42 நிலைப்பற்களும் நிறைந்துவிடும். விழும் பற்களைப் பெரும்பாலும் குட்டியே விழுங்கிவிடுகிறது. என்றாவது பாயில் அரிசி போல ஒரு வெள்ளைப் பல் கிடக்கும், பொம்மையில் லேசான ரத்தக்கறை இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. ஈறு நமநமக்கும் இந்த நாள்களில் குளிர்ச்சி இதம் தரும்: சுத்தமான துணியை நனைத்து முறுக்கி, ஃப்ரீசரில் வைத்தெடுத்து, பக்கத்தில் இருந்தபடி கடிக்கக் கொடுக்கலாம். பால் கோரைப்பல் விழாமல் அதை ஒட்டியே புதுப்பல் எழுந்து இரட்டையாக நின்றால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிற்றின நாய்களில் இது அதிகம்.

பல் முளைத்து முடிந்தால் எல்லாம் ஓய்ந்துவிடும் என்று காத்திருப்பவர்கள் ஏமாந்து போகிறார்கள். ஓராண்டை நெருங்கும் இளநாய்க்குத் தாடையிலும் வலு வந்திருக்கும், உடம்பிலும் செலவாகாத தெம்பு இருக்கும். லாப்ரடோர் போன்றவை வேட்டையில் விழுந்த பறவையை வாயில் கவ்விவர வளர்த்தெடுக்கப்பட்டவை. எதையாவது கவ்வாமல் அவற்றுக்கு இருப்புக்கொள்ளாது. முயலை விரட்டி ஓடவென்று வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறையையும் கன்னியையும் அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் கட்டிப்போட்டுவிட்டு, கொடியில் காயும் துணியைக் கிழிக்கிறது என்று குறைசொல்வது நியாயமில்லை. காலை, மாலை நடையில் நின்று நின்று மோந்து பார்க்க விடுவதே அவற்றுக்குப் பாதி மருந்து.

தனிமையும் அச்சமும்

ஆள் இருக்கும்போது சமர்த்தாக இருந்து, கதவைப் பூட்டிப் போனதும் குதறுகிற நாயை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். வாசற்கதவின் உட்புறம் நகக்கீறல். தாழ்ப்பாள் பக்கம் நிலையில் பல் பதிந்து சிலும்பு சிலும்பாய்ப் பெயர்ந்த மரம். தரையில் எச்சில் தேங்கிய ஈரம். இவை மூன்றும் சேர்ந்திருந்தால் அது விளையாட்டில்லை, பிரிவுப் பதற்றம். நாய் மரத்தைத் தின்ன முயலவில்லை, போனவர் பின்னால் போக முயன்றிருக்கிறது. ஊளையும் அடக்க முடியாத சிறுநீரும் கூடச் சேரலாம். பெரும்பாலும் ஆள் கிளம்பிய முதல் அரைமணிக்குள்ளேயே இது தொடங்கிவிடும். பழைய கைப்பேசி ஒன்றைப் பதிவு செய்ய வைத்துவிட்டுப் போனால் உண்மை தெரிந்துவிடும். தீபாவளி வெடிச்சத்தத்துக்கு மிரண்டு கதவைப் பிறாண்டும் நாயும் இந்த வகைதான். இத்தகைய நாயைக் கூண்டில் அடைப்பது பெருந்தவறு. கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும், நகத்தைப் பெயர்த்துக்கொள்ளும்.

மாலையில் வீடு திரும்பினால் பஞ்சு பறக்கும் அறையின் நடுவே காதை மடக்கி, கண்ணைத் தாழ்த்தி நிற்கும் நாயைப் பார்த்து, "தப்புப் பண்ணினது அதுக்கே தெரியுது" என்கிறோம். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார். தின்பண்டத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு உரியவர் வெளியே போவார். திரும்பியதும் நாய் தின்றதா இல்லையா என்று அவருக்குச் சில சமயம் பொய்த்தகவல் தரப்படும். தின்றதா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பே தெரியவில்லை. திட்டு வாங்கியபோது நாய்கள் அந்த முகத்தைக் காட்டின. தின்னாமலே திட்டு வாங்கியவை இன்னும் கூடுதலாகக் காட்டின. எப்போதோ கடித்ததற்கு இப்போது அடித்தால், வளர்ப்பவர் வீடு திரும்புவதே பயங்கரம் என்றுதான் நாய் கற்கும். ஏற்கெனவே பதற்றத்தில் கடித்த நாய் நாளை இன்னும் கடிக்கும்.

ஆபத்துகள்

செருப்பு போனால் வேறு வாங்கலாம். குடல் அடைத்துக்கொண்டால் அறுவைச் சிகிச்சைதான். மாம்பழக் காலத்தில் மாங்கொட்டையும், மற்ற நாள்களில் சோளக்கட்டை, காலுறை, நூல் போன்றவையும் இப்படி அடைக்கும். ஆசனவாயில் நூல் தொங்கினால் பிடித்து இழுக்கக் கூடாது, குடல் கிழிந்துவிடும். ஒயரைக் கடித்துத் தூக்கியெறியப்பட்ட நாய் எழுந்து நடமாடினாலும் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். எனவே உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பட்டன் பேட்டரி, வலி மாத்திரை அட்டை, சாக்லேட், சைலிட்டால் சேர்த்த சூயிங்கம், உலர்திராட்சை ஆகியவை எட்டாத உயரத்தில் இருக்கட்டும். தோட்டத்து அரளியும் அழகுக்கு வைக்கும் சைக்கஸும் நாய்க்கு நஞ்சு.

கடிக்கக் கொடுப்பவை

பழைய செருப்பை விளையாடக் கொடுத்தால் புதுச் செருப்பும் போகும். பழையது, புதியது என்ற பேதம் நாய்க்கு ஏது? கெட்டியான ரப்பர் பொம்மைகளே நல்லது. அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவரின் ஃபிரிட்ஸ் என்ற நாய் கல்லைக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்டது. வேன் பழுது பார்க்கையில் கிடைத்த ஒரு ரப்பர் பாகத்தை அது விரும்பிக் கடிப்பதைக் கண்டதிலிருந்து, 1970களில் 'காங்' பொம்மை பிறந்தது. அதன் உட்குழியில் கொஞ்சம் தயிர்சாதமோ உப்பும் வெங்காயமும் சேராத வேகவைத்த கோழியோ அடைத்து உறையவைத்தால் நாய் வெகுநேரம் நக்கிக்கொண்டிருக்கும். நகத்தால் அழுத்தினால் சற்றாவது பள்ளம் விழாத கொம்பு, குளம்பு, எலும்பு எதுவும் வேண்டாம். மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல் பிளந்துவிடும். சமைத்த எலும்பு சிலும்பாகி உள்ளே குத்தும்.

கூடாததைக் கவ்விக்கொண்டால் துரத்தக் கூடாது. துரத்தினால் அது விளையாட்டாகிவிடும், பிடுங்கினால் உறுமப் பழகும். "விடு" என்று சொல்லி அதைவிட ருசியான ஒன்றை நீட்டி மாற்றிக்கொள்ள வேண்டும். கசப்பு ஸ்ப்ரே சில நாய்களைத் தடுக்கும். சில அதையும் நக்கிவிட்டுக் கடிக்கும். இத்தனை வருடமும் எதையும் தொடாத கிழநாய் திடீரென்று கடிக்கத் தொடங்கினாலோ, ஒரு நாய் மண்ணும் சுவர்க்காரையும் தின்றாலோ பல்வலி, ரத்தசோகை, செரிமானக் கோளாறு உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பிரிவுப் பதற்றத்துக்குப் பொம்மை போதாது. சாவியை எடுத்துவிட்டு எங்கும் போகாமல் உட்கார்வது, கதவைத் திறந்து மூடுவது, வெளியே பத்து வினாடி நின்றுவிட்டு வருவது என்று நாய் பதறாத அளவில் தொடங்கி, நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். முற்றிய நிலையில் மருத்துவர் ஃப்ளூவாக்செட்டின் அல்லது க்ளோமிப்ரமின் தருவார். பலன் தெரியச் சில வாரம் ஆகும், இந்தப் பயிற்சியும் கூடவே நடக்க வேண்டும். அதுவரை நாயைத் தனியே பூட்டிப் போகாமல் வீட்டுப் பெரியவரிடமோ பக்கத்து வீட்டிலோ விட்டுச் செல்வதும் சிகிச்சையில் சேர்ந்ததே.