நோய்த்தடுப்பும் பெயரீடும்

எய்ட்ஸ் நோய்க்கு 1982இல் அமெரிக்காவில் முதலில் வழங்கிய பெயர்களுள் ஒன்று, அதனை ஒருபால் விழைவோர்க்கே உரிய நோயாகச் சுட்டியது. அவ்வாண்டு செப்டம்பரில் 'எய்ட்ஸ்' என்னும் பொதுப்பெயர் அதன் இடத்தைப் பெற்றது. 1990களில் நோய்ப்பரவலியலார் அடையாளத்தை விடுத்துச் செயலையே பெயராக்கினர். 'ஆணோடு பாலுறவு கொள்ளும் ஆண்' என்னும் தொடர் இவ்வாறு பரவிற்று. தம்மை எப்பெயராலும் அழைத்துக்கொள்ளாதாரையும் அது உள்ளடக்கும்.

இந்தியாவில் இதன் தேவை வெளிப்படை. 'கோத்தி' என்பது பெண்தன்மை மிக்க ஆண்கள் தமக்கே இட்டுக்கொண்ட பெயர். 'பந்தி' என்பதோ அவர்கள் தம் துணைவர்க்கு இட்ட பெயர். அத்துணைவர் பெரும்பாலும் அப்பெயரை ஏற்பதில்லை. அவருள் மணமானவரும் உளர். பெயரை நம்பிச் செல்லும் தடுப்புப்பணி இவர்களையோ இவர்தம் மனைவியரையோ எட்டுதல் அரிது.

ஆயினும் செயல்வழிப் பெயரும் குறையுடையதே. தம்மைப் பெண்ணென உணரும் திருநங்கையரையும் அது ஆணென்றே எண்ணிற்று. (இத்தகையோர்க்குரிய சொல்முடிபைத் தொல்காப்பியம் தனி நூற்பாவில் கூறுதல் ஒப்புநோக்கத்தக்கது.) தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டம் (2007-2012) இருசாராரையும் பெரும்பாலும் ஒரே தலைப்பில் அடக்கியது, அடுத்த கட்டத்தில்தான் திருநங்கையர்க்கான பணிகள் தனியே வகுக்கப்பட்டன. தம் பாலினத்தைத் தாமே உரைக்கும் அவர்தம் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014இல் ஏற்றது.