குடியேறிய குழம்பு

ஹங்கேரி நாட்டு மாட்டிடையர்கள் இறைச்சியையும் வெங்காயத்தையும் கொப்பரையில் இட்டுக் காய்ச்சிய குழம்பே 'கூயாஷ்'. அதற்குச் செந்நிறம் தரும் மிளகாயோ அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியது. 1541 முதல் 1686 வரை புடா நகரைத் துருக்கியர் ஆண்ட காலத்தில் அது அந்நாட்டில் பரவிற்று. 'துருக்கி மிளகு' என்றே அதனை அழைத்தனர். பகைவர் கொணர்ந்த காய் பின்னர் அந்நாட்டின் அடையாளமாயிற்று!

இத்தகைய கதை நம் அருகிலும் உண்டு. கம்பத்திலிருந்து குமுளி மலை ஏறினால் இடுக்கி மாவட்டம். அங்கே மாட்டு நெஞ்செலும்பை மரவள்ளிக் கிழங்குடன் குழைய வேகவைத்து, 'எல்லும் கப்பயும்' என்பர். அந்தக் கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அப்பயிரை ஊக்குவித்தார். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரவு நின்றபோது, அதுவே ஏழைகளின் பசி தீர்த்தது. நிலம் தேடி மலையேறிய குடியானவர்களுக்கும் அதுவே உணவாயிற்று.

வேற்று மாநிலங்களில் வாழும் நாம், நம் வீட்டுச் சமையலின் மணம் மாறுகிறதே என்று கலங்குவதுண்டு. கணவாய் வழியே பாலக்காட்டில் குடியேறிய தமிழர், தேங்காய் அரைத்துவிட்டு மொளகூட்டல் வைத்தனர். அதனால் அவர்தம் தமிழ் அழிந்துவிடவில்லை. நம் ரசத்தில் கிள்ளிப்போடும் மிளகாயும் ஒரு நாள் வந்தேறியதே அன்றோ?