ஆத்துமமும் சென்மப் பாவமும்

மனிதன் உடலும் உயிரும் சேர்ந்தவன் என்பதில் சைவத்துக்கும் கிறித்தவத்துக்கும் பூசல் இல்லை. அவ்வுயிர் எங்கிருந்து வந்தது, எத்தனை முறை பிறக்கும் என்னும் இரு வினாக்களிலேயே வழிகள் பிரிகின்றன. இப்பிரிவைத் தமிழ் உரைநடையில் விரித்து வாதிட்டவர், 1606இல் மதுரைக்கு வந்து, தத்துவ போதகர் எனப் பெயர்பெற்ற இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி.

அவருக்கு முன்பே, 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்களில் மறையின் அடிப்படைகளைச் சொல்லியிருந்தது. அது மனனம் செய்தற்குரிய சிறுநூல். வாதத்துக்கு அங்கே இடமில்லை. நொபிலியோ மதுரையில் கற்றோரோடு பேச வேண்டியிருந்தது. ‘ஆத்தும நிர்ணயம்’, ‘புனர்ஜென்ம ஆக்ஷேபம்’ முதலிய நூல்கள் இவ்வாறு பிறந்தன.

இடர் சொல்லிலேயே தொடங்கிற்று. சித்தாந்தத்தில் பதியைப் போலப் பசுவும் அநாதி; ஆன்மாவை இறைவன் படைப்பதில்லை. கிறித்தவர் கூறும் ஆத்துமமோ தொடக்கம் உடையது, முடிவு மட்டும் இல்லாதது. ஒவ்வொருவருக்கும் இறைவன் புதிதாகப் படைத்தளிப்பது. ‘சென்மப் பாவம்’ என்னும் தொடரோ இதனினும் சிக்கலானது. முற்பிறவி வினையைக் கேட்டுப் பழகிய செவிக்கு அது அவ்வாறே ஒலித்திருத்தல் வேண்டும். ஆனால் அத்தொடர் குறிப்பது, ஆதாமின் வழியாக மனித குலம் முழுவதும் பெற்ற குறையையேயன்றி, ஒருவன் தானே முன்பு செய்த வினையை அன்று.

மேலைத் திருச்சபையில் இக்கொள்கைக்கு உறுதியான வடிவம் தந்தவர் அகுஸ்தீனார் (354-430). உரோமையர் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் காரணப் பொருள்படும் ஒரு கிரேக்கத் தொடர், அவர் பயின்ற இலத்தீன் பெயர்ப்பில் ‘அவனுக்குள்’ என்று கொள்ள இடந்தந்தது. கீழைத் திருச்சபைகளோ ஆதாமிடமிருந்து சாவும் நலிவும் வந்தன என்றனவேயன்றி, அவன் குற்றமே நம் குற்றம் என்று கொள்ளவில்லை. எல்லாம் ஒரு மொழிபெயர்ப்பின் விளைவு என்பது மிகை. குழந்தைத் திருமுழுக்கு வழக்கமும் அவருக்குச் சான்றாய் நின்றது.

மறுமை பற்றிய கொள்கையில் தமிழர்க்குப் புதுமையாயிருந்தது மோட்சமும் நரகமும் அல்ல. உடலும் எழும் என்னும் ‘சரீர உத்தானம்’. உடலை விடுவதே வீடுபேறு என்று எண்ணியோர்க்கு, அவ்வுடலே மீண்டும் தரப்படும் என்பது வியப்பளித்திருக்கும். மோட்சத்துக்கு முன் ஆத்துமம் தூய்மை பெறும் ‘உத்தரிக்கிற ஸ்தலம்’ கத்தோலிக்கர்க்கே உரியது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் சபையினர் அதை ஏற்றிலர்.

நொபிலியிடம் நாம் கேட்க வேண்டிய வினா ஒன்று எஞ்சுகிறது. பிறப்பின் உயர்வு தாழ்வுக்குப் பழவினை காரணமன்று என்று நிறுவ முயன்றவர், அவ்வுயர்வு தாழ்வை மட்டும் உலகியல் வழக்கு என்று விட்டுவிட்டார். பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றைப் போப் பதினைந்தாம் கிரகோரி 1623இல் நிபந்தனைகளோடு அனுமதித்தார். தாழ்த்தப்பட்டோர்க்கெனப் பண்டாரசாமிகள் என்னும் குருமார் தனியே அமைந்தனர். வினைக்கொள்கை மறுக்கப்பட்டது, அதன் நிழலில் வளர்ந்த சாதி கோயிலுக்குள் வந்து அமர்ந்தது. பிற்காலத்தில் தமிழகத்தின் சில கல்லறைத் தோட்டங்களில், ஒரே உத்தானத்துக்குக் காத்திருக்கும் இரு பிரிவினரின் புதைகுழிகளுக்கு நடுவே சுவரும் எழுந்தது.