பூட்டு நல்லது, சாவியை எப்படிக் கொடுத்தார்கள்?



போனைத் தட்டினால் எரியும் மின்குமிழ், சாவியில்லாமல் திறக்கும் கதவுப் பூட்டு எல்லாம் எங்கள் பக்கத்துக் கடைகளுக்கும் வந்துவிட்டன. "சேர், இதை வெளியில் இருந்து யாரும் ஹெக் பண்ண ஏலுமா?" என்று பிள்ளைகளைவிடப் பெற்றோர்தான் அதிகம் கேட்கிறார்கள். இவற்றில் சில சாதாரண வைஃபையில் இயங்குபவை. அவற்றை இங்கு விட்டுவிடுகிறேன். மற்ற வகை, மிகக் குறைந்த மின்சக்தியில் ஒன்றோடொன்று பேசி வலைபோல் பின்னிக்கொள்பவை. அவற்றின் வரலாறு தெரிந்தால் இந்தக் கேள்விக்குப் பதிலும் கிடைத்துவிடும். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

இப்தாருக்கு வரிசையாக அமர்ந்திருக்கும்போது கஞ்சிக் கோப்பை கைமாறிக் கைமாறிக் கடைசி ஆள்வரை போகும் அல்லவா? கொடுப்பவர் ஒவ்வொருவரிடமும் நடந்து போவதில்லை. இந்த வலைப்பின்னலும் அப்படித்தான். தடையில்லாத வெளியில்கூட ரேடியோ அலையை இரு மடங்கு தூரம் அனுப்ப நான்கு மடங்கு சக்தி வேண்டும். இடையில் சுவர் இருந்தால் இன்னும் அதிகம். பக்கத்தில் உள்ளவரிடம் கொடுத்துவிட்டால் சின்னப் பெட்டரி வருடக்கணக்கில் தாங்கும். ஆனால் கோப்பை கைமாறும் ஒவ்வொருவரையும் நம்ப வேண்டும்.

1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக பேர்க்லி வளாகத்தில் பேராசிரியர் கிறிஸ் பிஸ்டர் "ஸ்மார்ட் டஸ்ட்" என்ற ஆய்வைத் தொடங்கினார். தூசியளவுக் கருவிகள் தாமாகவே வலை அமைத்துத் தகவல் அனுப்ப வேண்டும் என்பது கனவு. பணம் கொடுத்தது அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் டார்ப்பா நிறுவனம். 2001 மார்ச்சில் ஆளில்லா விமானத்தில் இருந்து பாலைவன வீதியோரம் போடப்பட்ட கருவிகள் அவ்வழியே சென்ற வாகனங்களைக் கண்டறிந்தன. அடுத்த வருடமே இந்தத் தொழில்நுட்பம் வேறொரு வேலைக்குப் போனது. மெய்ன் மாநிலக் கரைக்கு அப்பால் உள்ள கிரேட் டக் தீவில், கடற்பறவைகளின் வளைகளைக் குழப்பாமல் அவற்றின் வெப்பம், ஈரப்பதனை அறிய 32 கருவிகள் வைத்தார்கள். பறவைக் கூட்டின் வெப்பநிலையை யார் களவெடுக்கப் போகிறார்கள்?

2003இல் ஐ.ஈ.ஈ.ஈ 802.15.4 என்ற தரநிலை வெளியானது. இந்த வகைக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் அத்திவாரம். வினாடிக்கு 250 கிலோபிட் வேகம். ஒரு செய்தித் துண்டு அதிகபட்சம் 127 பைட். (யுனிகோட் தமிழில் 42 குறிகள். இந்த அடைப்புக்குறி வசனமே அதற்குள் அடங்காது!) இவ்வளவு சின்ன இடத்திலும் மறைகுறியாக்கத்துக்கு ஏ.ஈ.எஸ் 128-பிட் முறையைச் சேர்த்தார்கள். அது தரமான பூட்டு. வங்கிகளும் நம்பும் அந்தப் பூட்டை நேரடியாக உடைக்க இன்றுவரை நடைமுறையில் வழியில்லை.

ஆனால் புதிதாகச் சேரும் கருவிக்குச் சாவியை எப்படிக் கொடுப்பது என்பதை அந்தத் தரநிலை சொல்லவில்லை. அதன் மேல் கட்டுபவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. சாவிகளைக் கையாளும் முறையில் குழிகள் இருக்கின்றன என்று நவீன் சாஸ்திரி, டேவிட் வாக்னர் என்ற இரு பேர்க்லி ஆய்வாளர்கள் 2004இலேயே எழுதினார்கள்.

ஒரே அத்திவாரத்தில் இரண்டு வகைக் கட்டடங்கள் எழுந்தன. ஒன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை போன்ற இடங்களுக்கானது. பிஸ்டர் ஆரம்பித்த டஸ்ட் நெட்வேர்க்ஸ் கம்பனியின் முறையைத் தழுவி 2007இல் வயர்லெஸ்ஹார்ட் வந்தது. 2010இல் அது ஐ.ஈ.சி 62591 என்ற சர்வதேசத் தரநிலை ஆனது. இதற்கென எழுதப்பட்ட திட்டமிடல் விதிகள் எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் சாதாரண ஆளுக்கும் விளங்கும். மத்திய வாயில் கருவிக்கு நேரடியாக எட்டும் தூரத்தில் குறைந்தது 5 கருவிகள் இருக்க வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் எட்டும் தூரத்தில் குறைந்தது 3 அயலவர் வேண்டும். வலை பெரிதானால் மொத்தத்தில் 25 சதவீதமாவது வாயிலுக்கு நேரடியாக எட்ட வேண்டும். ஒரு லொறி குறுக்கே நின்று பாதை மறைந்தாலும் செய்தி வேறு பாதையால் போய்விடும்.

சாவி? அதை வானலையில் கொடுப்பதே இல்லை. தொழிலாளி கையடக்கக் கருவியைக் கம்பியால் பொருத்தி, ஒவ்வொன்றுக்கும் தன் கையால் உள்ளிட வேண்டும். அமானிதத்தை உரியவர் கையிலேயே ஒப்படைப்பது மாதிரி.

மற்றக் கட்டடம் வீடுகளுக்கானது. 2002இல் கம்பனிகள் சேர்ந்து உருவாக்கிய ஸிக்பீ கூட்டமைப்பு, 2004 டிசம்பரில் தன் முதல் விதிமுறையை ஏற்றுக்கொண்டது. கூட்டுக்குத் திரும்பும் தேனீ ஆடும் நடனத்தில் இருந்து வந்த பெயர். தேனீயின் பெயரில் ஒரு சூராவே ஓதும் எங்களுக்கு இது மறக்காது. எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் மின்குமிழ்கள் இங்கு கோப்பையைக் கைமாற்றும் ஆட்கள்.

வீட்டில் மின்குமிழ் மாட்டுகிறவர் கம்பியும் கையடக்கக் கருவியும் கொண்டுவரப் போவதில்லை. எந்தக் கம்பனியின் மின்குமிழும் எந்த வீட்டிலும் உடனே சேர வேண்டும், விலையும் ஏறக்கூடாது. அதற்காக எல்லாக் கருவிக்கும் பொதுவான ஒரு ஆரம்பச் சாவியை வைத்தார்கள். அது "ஸிக்பீஅலையன்ஸ்09" என்ற சொல். ஆங்கிலத்தில் எழுதினால் சரியாக 16 எழுத்து, அதாவது 128 பிட். இது இரகசியமும் இல்லை, ஆவணத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். வீட்டின் உண்மையான சாவி, புதிய கருவிக்கு இந்தப் பொதுச் சாவியால் பூட்டிய உறைக்குள் வானலையில் போகும். அந்தச் சில வினாடிகளில் பக்கத்தில் இருந்து கேட்பவருக்கும் அது கிடைத்துவிடும்.

மின்குமிழ்களுக்கென வந்த லைட் லிங்க் முறையில் வேறொரு சாவி. அதை அங்கீகாரம் பெற்ற உற்பத்தியாளர்களுக்கு மட்டும் இரகசிய ஒப்பந்தத்தின் பேரில் கொடுத்தார்கள். அத்தனை பேர் கையில் இருக்கும் இரகசியம் எத்தனை நாள் தாங்கும்? 2015இல் அது ட்விட்டரில் வெளியானது.

மிச்சம் இருந்த ஒரே பாதுகாப்பு, மிக அருகில் வந்தால்தான் மின்குமிழ் கட்டளையை ஏற்கும் என்ற விதி. 2016இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தையும் கனடாவின் டல்ஹவ்ஸி பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த நால்வர், பிலிப்ஸ் ஹியூ மின்குமிழ்களில் அந்த விதியிலேயே ஒரு மென்பொருள் ஓட்டையைக் கண்டார்கள். ஓடும் வாகனத்தில் இருந்தும், பறக்கும் ட்ரோனில் இருந்தும் கட்டட விளக்குகளைக் கைப்பற்றிக் காட்டினார்கள். மென்பொருளைப் புதுப்பிக்கும் சாவியும் ஒரே வகை மின்குமிழ்கள் எல்லாவற்றுக்கும் ஒன்றே. மின்குமிழ் உண்ணும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்தே, சில நூறு டொலர் பெறுமதியான கருவியால் அதை எடுத்துவிட்டார்கள். பாரிஸ் அளவு நகரில் சுமார் 15,000 மின்குமிழ்கள் பரவலாக இருந்தால், ஒன்றில் ஏற்றிய புழு அயல் மின்குமிழுக்குத் தாவித் தாவி நகர் முழுக்கப் போகலாம் என்பது அவர்கள் கணக்கு. ஆய்வு வெளிவருமுன் அறிவித்ததால் கம்பனி அந்த ஓட்டையை அடைத்துவிட்டது.

கதவுப் பூட்டுகளில் அதிகம் காணப்படும் ஸீ-வேவ் என்ற தனி முறையிலும் இதே கதைதான். அதன் பழைய பாதுகாப்பில் ஆரம்பச் சாவி முழுவதும் பூச்சியம்!

இத்தனைக்கும் ஆலையிலும் வீட்டிலும் பூட்டு ஒன்றுதான், அதே ஏ.ஈ.எஸ். ஆலையில் ஒரு மனிதர் ஒவ்வொரு கருவியிடமும் நடந்து போனார். வீட்டில் அந்த நடையை மிச்சப்படுத்தினார்கள்.

பிறகு வந்தவை இதைத்தான் திருத்தின. ஸிக்பீ 3.0இல் கருவியோடு வரும் தனிக் கோட்டைப் பயன்படுத்தலாம். ஸீ-வேவில் 2017 ஏப்ரல் முதல் புதிய அங்கீகாரத்துக்கு எஸ்2 என்ற பாதுகாப்பு கட்டாயம். 2014இல் அறிவிக்கப்பட்ட த்ரெட் முறையிலும் ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கடவுச்சொல். ஆனால் பழைய கருவிகளும் சேர வேண்டும் என்பதற்காக ஸிக்பீயில் அந்த 16 எழுத்துப் பொதுச் சாவி இன்னும் உயிரோடு இருக்கிறது.

எனவே வாங்கும்போது, இதற்கெனத் தனிக் கோட் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அந்தப் பெட்டியைக் குப்பையில் போட வேண்டாம், மீண்டும் இணைக்கும்போது தேவைப்படும். கோட் இல்லாமல் தானாகவே சேர்ந்துகொள்ளும் வகை என்றால், மின்குமிழுக்குப் பரவாயில்லை. வாசல் கதவுக்கு நான் வாங்கமாட்டேன்.