மேர்ல் ஓபெரோன்: பிறந்த மண்ணை மறைத்த ஹொலிவூட் நட்சத்திரம்

சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் விருதுக்கு முதன்முதலில் பரிந்துரைக்கப்பட்ட ஆசிய வம்சாவளிப் பெண் மேர்ல் ஓபெரோன். 1935இல் வெளியான 'த டார்க் ஏஞ்சல்' படம் அவருக்கு அந்த இடத்தைப் பெற்றுக்கொடுத்தது. ஆனால் அவர் ஆசிய வம்சாவளியினர் என்பது அன்று ரசிகர்களுக்குத் தெரியாது. அவரது தாய்வழி வேர் இலங்கையில் இருந்தது.

1911 பெப்ரவரி 19 அன்று பம்பாயில் பிறந்தார். இயற்பெயர் எஸ்டெல் மேர்ல் தோம்சன், வீட்டில் 'குவீனி'. அவரை வளர்த்த சார்லட் செல்பி, இலங்கையைச் சேர்ந்த கலப்பினப் பெண். ஓபெரோன் அவரையே தாய் என நம்பி வளர்ந்தார். உண்மையில் சார்லட் அவரது அம்மம்மா. பெற்ற தாய், அக்கா எனச் சொல்லப்பட்ட கொன்ஸ்டன்ஸ்.

கல்கத்தாவில் வறுமையில் வளர்ந்த அவர், உதவிப்பணத்தில் சேர்ந்த பாடசாலையை ஏளனம் தாங்காது இடையில் விட்டார். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தார். 1920களின் இறுதியில் ஐரோப்பா சென்றார். லண்டனில் தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டாவின் 'த பிரைவேட் லைஃப் ஒஃப் ஹென்றி த எய்ட்' (1933) படத்தில் ஆன் போலின் வேடம் ஏற்றுக் கவனம் பெற்றார்.

அவர் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் பிறந்தவர் என்ற கதை அக்காலத்தில் புனையப்பட்டது. அதற்குக் காரணம் இருந்தது. 1917ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர்கள் அமெரிக்காவில் குடியேறுவதைத் தடுத்தது. 1923இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குக் குடியுரிமை பெறும் தகுதி இல்லை எனத் தீர்ப்பளித்தது. அமெரிக்காவிலேயே பிறந்த சீன வம்சாவளி நடிகை அன்னா மே வொங்கிற்குக்கூட, 'த குட் ஏர்த்' (1937) படத்தின் சீனக் கதாநாயகி வேடம் கிடைக்கவில்லை. அதில் நடித்த ஐரோப்பியரான லூயிஸ் ரெய்னர் ஒஸ்கார் வென்றார்.

லண்டனில் உடன் வாழ்ந்த சார்லட்டை, விருந்தினர்களிடம் பணிப்பெண் எனக் காட்டியதாக வாழ்க்கை வரலாற்றாளர்கள் எழுதியுள்ளனர். சார்லட் 1937இல் காலமானார். அதே ஆண்டு கார் விபத்தில் ஓபெரோனின் முகத்தில் காயம் ஏற்பட்டது. பின்னாளில் அவரது கணவரான ஒளிப்பதிவாளர் லூசியன் பலார்ட், அத்தழும்பை மறைக்க அமைத்த விளக்கு 'ஓபி' எனப் பெயர்பெற்றது. லோரன்ஸ் ஒலிவியருடன் நடித்த 'வதரிங் ஹைட்ஸ்' (1939) இன்றும் அவரை நினைவூட்டும் படம்.

1978இல் தஸ்மேனியா சென்றபோது, ஹோபார்ட் நகரம் அவரைத் தன் மகளாக வரவேற்றது. மறு ஆண்டு நவம்பர் 23 அன்று கலிபோர்னியாவில் காலமானார். 1983இல் வெளியான வாழ்க்கை வரலாறு உண்மையை உலகறியச் செய்தது.

2023இல் மிஷெல் யோ இதே பிரிவில் பரிந்துரைக்கப்பட்டு வென்றபோது, முதல் ஆசியப் பெண் யார் என்ற கேள்வி எழுந்தது. தம்மை ஆசியர் என வெளிப்படையாகச் சொன்னவர்களில் யோவே முதல்வர் எனச் சில ஊடகங்கள் எழுதின. வாய்ப்புக்காகச் சொன்ன பொய், ஓபெரோனுக்கு உரிய இடத்தையும் கேள்விக்குள்ளாக்கிவிட்டது.